பன்னிரண்டாம் அறை

மூன்றரைக்கு அவர்கள் போவார்கள்.
நாலு மணிக்கு வாளியோடு நான் வருவேன்.
இடையில் அரைமணி நேரம்
பள்ளிக்கூடம் யாருக்கும் சொந்தமில்லை.

விட்டுப் போனதை வைத்துத்தான் அவர்களைத் தெரியும்.
ஓவென், மேசைக்கடியில் சூயிங்கம் ஒட்டுபவன்.
ஜமீலா, பென்சில் சீவிய தூளை
ஒரு மாத்திரைப் பெட்டியில் சேர்த்துவைப்பவள்,
ஏனென்று கேட்க அந்நேரம் ஆளில்லை.
திலக்‌ஷி, தன் பெயரின் கடைசி எழுத்துக்குப்
புள்ளி வைக்காமல் மீன் வரைபவள்.
முகம் ஒன்றும் தெரியாது.

தை மாதம் முட்டைகள் வந்தன. நூறு.
தோடம்பழ நிறம், ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புப் பொட்டு.
அவை கண்கள் என்று சுவரில் எழுதியிருந்தார்கள்.
சால்மன் குஞ்சுகள்; வைகாசியில் ஓடைக்கு.
தொட்டியருகே ஒரு பட்டியல்:
திகதி, வெப்பம், இறந்தவை, பார்த்தவர்.
‘இறந்தவை 2’ என்று எழுதிய பென்சில்
கடதாசியைக் கிழித்திருந்தது.

மாசியில் ஒரு வெள்ளி இரவு
குளிரூட்டியின் சத்தம் நின்றது.
நின்றதைக் கேட்டது நான் மட்டும்.
ஆறு பாகையில் இருக்கவேண்டிய தண்ணீர் பத்தில்.
ஒட்டியிருந்த இலக்கத்துக்கு மூன்று முறை எடுத்தேன்,
பதில் இல்லை.
வெளியே மைனஸ் பதினெட்டு. ஏஜாக்ஸ் முழுவதும் குளிர்,
இந்த ஒரு பெட்டியைத் தவிர.

வாசற்பனி ஆகாது, அதில் உப்பு எறிந்தவனே நான்.
காற்சட்டை நனைய விளையாட்டுத் திடலின் நடுவுக்குப் போய்
சாண்ட்விச் பைகளில் அள்ளி இறுக்கி மூடி
மிதக்கவிட்டேன். உருக உருக மாற்றினேன்.
பதினொன்றுக்கு முடியும் வேலை
அன்று முடியவில்லை.
விடிய ஆறுக்கு ஆசிரியை ஓடிவந்தார்,
குளிர்க்கோட்டுக்குக் கீழே இரவுடுப்பு தெரிய.

பட்டியலில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனேன்.
வெப்பம் 7. இறந்தவை 0.
பார்த்தவர்:
கொஞ்சம் யோசித்து ‘இரவு’ என்று போட்டேன், ஆங்கிலத்தில்.
திங்கட்கிழமை வந்து பார்த்தால்
அந்த வரிக்கும் ஒரு தங்க நட்சத்திரம்,
மற்ற வரிகளுக்கு இருப்பதைப் போலவே.
வீட்டில் சொல்லவில்லை.

வைகாசியில் விடப் போனார்கள். டஃபின்ஸ் ஓடை, ஒரு மஞ்சள் பஸ்.
காலையில் நான் பாண் தொழிற்சாலை;
சுகமில்லை என்று அங்கே சொல்லிவிட்டு
பாலத்தில் நின்றேன், நாய் இல்லாமல் நடக்க வந்த ஒரு ஆள்.
இருபத்துமூன்று சோடி றப்பர் சப்பாத்து.
இதில் எது ஓவென்?
எல்லா வாயும் எதையோ மென்றுகொண்டிருந்தது.

ஆளுக்கொரு பிளாஸ்டிக் கோப்பை.
கோப்பைக்கு மூன்று மீன், என் சுண்டுவிரல் நகத்தளவு.
‘பாய், பாய்’ என்று கத்தினார்கள்.
ஒருவன் மூன்றுக்கும் பெயர் வைக்கும்வரை
கோப்பையைக் கவிழ்க்க மாட்டேன் என்று நின்றான்.
ஒருத்தி மட்டும் தள்ளிப் போய்க் குந்தி,
இங்கே யாருக்கு விளங்கப் போகிறது என்ற தைரியத்தில்,
தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்:
‘போயிட்டு வாங்கோ.’

‘போ’ என்று தனியே சொல்வதில்லை எங்கள் வீடுகளில்.
பால் வாங்கக் கடைக்கு இறங்குகிறவனுக்கும்
ஒரு ‘வா’ ஒட்டித்தான் அனுப்புவோம்.
அப்படி அனுப்பியும் வராதவர்கள் உண்டு.
ஆனால் இந்த மீனைப் பற்றிச் சுவரில் இருந்தது:
பெரிய ஏரிவரை போகும், வளரும்,
சில வருடங்களில் தண்ணீரை மணந்து மணந்து
பிறகு இதே ஓடைக்கு ஏறும்.
திலக்‌ஷி, விஞ்ஞானத்தில் உனக்கு முழுப் புள்ளி.

நாலு மணிக்கு வேலைக்கு வந்தேன்.
நடைபாதை நெடுக ஓடைச் சேறு,
போன கால், வந்த கால், தள்ளுப்பட்ட கால்.
பன்னிரண்டாம் அறைக்குள் ஒரு சோடி தனியே போய்
வெறும் தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தது.
மற்றதெல்லாம் துடைத்தேன்.
அதைப் பிறகு பார்க்கலாம்.